எதிரணி வந்தால்தான் ஆட்டம்

ஏழு மணி உள்ளரங்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு நான்கு மணிக்கே அரங்கத்துக்குப் போய்விடுவது என் வழக்கம். லேப்டாப்பைத் திறந்து இரண்டு அணிகளின் ஆட்டக்காரர் பட்டியலையும் ஏற்றி, சட்டை எண்களைச் சரிபார்த்து, ஒரு பிரதி அச்சடித்து அறிவிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை எதிரணியின் பட்டியல் வரவில்லை. ஐந்து மணி ஆயிற்று. பஸ்ஸும் வரவில்லை. ஐந்தரைக்கு எங்கள் அணியின் உரிமையாளர் என் மேசைக்கு வந்து குனிந்து, "ஸ்டாட்ஸ், அவர்கள் வரமாட்டார்கள்" என்றார். பஸ்காரர் முன்பணம் கேட்டிருக்கிறார், அங்கே கொடுக்க ஆளில்லை. இருபத்து சொச்சம் ஆட்டக்காரர்கள் பையும் ஹெல்மெட்டுமாக ஒரு கார் நிறுத்துமிடத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் வாசலில் டிக்கெட் வாங்கியவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

என் பெயரை அங்கே யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. முதல் சீசனில் முயற்சி செய்தார்கள், இரண்டாவது சீசனில் எல்லோருக்கும் நான் ஸ்டாட்ஸ் ஆகிவிட்டேன். புள்ளிவிவரம் எழுதுகிறவன் என்ற அர்த்தத்தில். சம்பளம் கிடையாது. ஒரு டீ சர்ட், கார் நிறுத்த இலவச அனுமதி, அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லும் ஃபுட்பால் நம்மூர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுகிறார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். அதைச் சுருக்கி ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குள் திணித்தால் கிடைப்பது உள்ளரங்க ஃபுட்பால். நூறு கஜத்துக்குப் பதிலாக ஐம்பது கஜம். அணிக்கு பதினொருவர் இல்லை, எட்டுப் பேர். கோல் கம்பங்களின் இடைவெளி வெளி மைதானத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி, 9 அடிதான். குறுக்குக் கம்பியோ 15 அடி உயரத்தில் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே என்று ஒன்று இல்லை, மெத்தை கட்டிய சுவர்தான் எல்லை. ஓடி வருகிறவன் சுவர்மேல் கவிழ்ந்து முதல் வரிசையில் இருப்பவரின் மடியில் விழுவதெல்லாம் சர்வசாதாரணம்.

இதன் பிறப்பே ஒரு வேடிக்கைதான். 1981இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஃபாஸ்டர், கையிலிருந்த பழுப்பு உறையின் மேல் இந்த மைதானத்தை வரைந்தார். 1987இல் நான்கே அணிகளுடன் அரீனா ஃபுட்பால் லீக் தொடங்கியது. ஆட்டத்துக்கு அவர் காப்புரிமையும் வாங்கிவிட்டதால், கோல் கம்பத்தின் இரு பக்கமும் பந்து பட்டுத் திரும்புவதற்காகக் கட்டும் வலையை மற்ற லீக்குகள் பல வருடங்களுக்குத் தொட முடியவில்லை. எங்கள் லீக்கிலும் வலை இல்லை. காப்புரிமை 2007லேயே காலாவதியாகிவிட்டது, ஆனால் வலை வாங்கவும் தொங்கவிடவும் ஆகிற செலவு காலாவதியாகவில்லை.

என் மகளின் பள்ளியில் இலவச டிக்கெட் கொடுத்தார்கள், அப்படித்தான் உள்ளே போனேன். போன இடத்தில் ஆட்டக் குறிப்பு எழுத ஆள் வரவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் எழுதிப் பழகிய கை எனக்கு, சும்மா இருக்கவில்லை. "என்னங்க, ஒரு நாளைக்குத்தானே?" என்று என் மனைவி கேட்டாள். நான்கு வருடமாகிறது.

முதல் வருடம் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது ஆட்டத்தை இல்லை, டர்ஃபை. செயற்கைப் புல்விரிப்பு புதிதாக வாங்க எங்கள் உரிமையாளரால் முடியாது. அவருக்கு ஒரு சின்ன கட்டுமானத் தொழில், அதில் வரும் லாபம்தான் இங்கே கரைகிறது. கலைந்துபோன ஒரு அணியிடமிருந்து பழையதாக வாங்கினார். அந்த அணியின் பெயர் இரண்டு முனையிலும் பெரிய எழுத்தில் இருந்தது. அதன்மேல் பச்சை பெயின்ட் அடித்து எங்கள் பெயரை எழுதினோம். நானும் ஒரு பிரஷ் பிடித்தேன். மே மாதம் வருவதற்குள், காலணிகள் தேய்த்துத் தேய்த்து, செத்த அணியின் பெயர் மெல்ல மேலே எழும்பி வந்தது. எங்கள் பெயரின் நடுவே வேறொரு ஊரின் இரண்டு எழுத்து. பந்தோடு அந்த முனைப் பகுதிக்குள் போய் டச்டவுன் எடுத்தவன் அதன் மேல்தான் படுத்துப் புரண்டு கொண்டாடினான்.

டர்ஃப் பாய்களாகச் சுருட்டி வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் விரித்து ஓரங்களை ஒட்ட வேண்டும், முடிந்ததும் இரவோடிரவாகச் சுருட்ட வேண்டும், ஏனென்றால் மறுநாள் அங்கே வேறு ஏதாவது நடக்கும். மார்ச் மாதத்தில் அடியில் ஐஸ் இருக்கும், அதன்மேல் பலகை, பலகைமேல் டர்ஃப். வெளியே திடீரென்று வெயில் அடித்துக் கதவுகளையும் திறந்துவிட்டால் தரை வியர்க்கும். ஒருமுறை நனைந்த மூலையை ஆட்டக்காரர்களே துண்டு போட்டுத் துடைத்தார்கள்.

பந்தையும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குள் விழுந்த பந்தை ரசிகர்களே வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய அரீனா லீக்கில் வளர்ந்த பழக்கம். எங்கள் அரங்கத்தில் இரண்டாம் பாதி தொடங்கும்போது அறிவிப்பாளர் கெஞ்சுவார்: பந்தைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு பாப்கார்ன் இலவசம். பையன்கள் பாப்கார்னை விட்டுவிட்டுப் பந்தோடு ஓடுவார்கள்.

சரி, இதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கிற கஷ்டம். ஆளைக் கொல்கிற கஷ்டம் அட்டவணையில் இருக்கிறது.

நான் சாஃப்ட்வேர்காரன் என்று தெரிந்ததும் லீக்கின் ஆட்ட அட்டவணையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஏழு அணிகள், ஆளுக்குப் பத்து ஆட்டம், ஐந்து சொந்த ஊரில், ஐந்து வெளியூரில். மொத்தம் 35 ஆட்டம். காகிதத்தில் ஒரு மணி நேர வேலை. ஆனால் எந்த அரங்கமும் எந்த அணிக்கும் சொந்தமில்லை. ஹாக்கி அணிதான் அங்கே மூத்த குடித்தனக்காரர், நாம் திண்ணையில் இருப்பவர்கள். பட்டமளிப்பு விழா, சர்க்கஸ், இசை நிகழ்ச்சி எல்லாம் போக மிச்சம் விழும் சனிக்கிழமைதான் நமக்கு. ஹாக்கி அணி பிளே ஆஃப் போய்விட்டால் எங்கள் முதல் இரண்டு தேதிகளும் போச்சு. அதனால் மார்ச் மாதத்தில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் உள்ளூர் ஹாக்கி அணி தோற்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வார்கள். வெளியே சொல்லமாட்டார்கள். நான் சொல்லியிருக்கிறேன், மகளிடம். "அப்பா, நீ ரொம்ப மோசம்" என்றாள்.

ஒரு அணிக்கு வருமானம் அந்த ஐந்து சொந்த ஊர் ஆட்டத்தில்தான். டிக்கெட், சுவர் மெத்தையில் ஒட்டும் விளம்பரம், பீர் விற்பனையில் அரங்கம் விட்டுக்கொடுக்கும் பங்கு. தொலைக்காட்சிப் பணம் என்று ஒன்று கிடையாது. சீசன் டிக்கெட் வாங்கியவரிடம் ஐந்து ஆட்டம் என்று சொல்லித்தான் பணம் வாங்குகிறோம், விளம்பரம் கொடுத்த பல் டாக்டரிடமும் அப்படித்தான். இப்போது ஒரு அணி மூன்று ஆட்டம் ஆடிவிட்டுக் கலைந்துபோகிறது என்று வையுங்கள். அது ஆடாமல் விட்ட ஏழு ஆட்டமும் அதோடு போவதில்லை, மற்ற ஆறு பேர் வீட்டிலும் ஓட்டையாக வந்து விழுகிறது. அதில் நான்கு வெளியூர் ஆட்டம் என்றால் நான்கு ஊரில் ஆளுக்கொரு சனிக்கிழமை வருமானம் காலி. முன்பணம் கட்டிய வாடகை திரும்ப வராது. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அணி அந்த ஒரு ஓட்டையிலேயே படுத்துவிடும். அப்புறம் அதன் ஓட்டைகள்.

பஸ் வராத அந்த அணி கலைந்த பிறகு நடந்தது இதுதான். எங்களுக்கு அவர்களோடு இன்னொரு ஆட்டம் பாக்கி, அதுவும் எங்கள் ஊரில். லீக் அலுவலகத்தில் இருப்பது மூன்றே பேர், மூவரும் ராத்திரி முழுக்கப் போனில் இருந்து ஒரு மாற்று அணியைப் பிடித்தார்கள். பக்கத்து மாவட்டத்தில் வெளி மைதானத்தில் ஆடும் அமெச்சூர் பையன்கள். சுவரை வாழ்க்கையில் பார்த்ததில்லை. எங்களுடைய போன வருட வெளியூர்ச் சட்டையை அவர்களுக்குக் கொடுத்தோம். எண் போதாமல் டேப் ஒட்டினோம், இரண்டு எட்டாம் நம்பர். தொடக்கத்திலேயே ஒருவன் பந்தைப் பார்த்துக்கொண்டே முழு வேகத்தில் சுவரில் போய் மோதினான். எழுந்து சிரித்தான், நல்லவேளை. முடிவு 78க்கு 6. அந்த ஆறு புள்ளி வந்தபோது எங்கள் ரசிகர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள்.

அந்த ஆட்டத்தை அதிகாரப்பூர்வக் கணக்கில் சேர்க்கச் சொன்னார்கள். நான் மறுத்துப் பார்த்தேன். எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர், ஒரே மாலையில் எட்டு டச்டவுன் பாஸ் போட்டதாக எழுதினால், மற்ற ஊரில் ஒழுங்காக ஆடி நான்கு போட்டவனுக்கு என்ன மரியாதை? "ஸ்டாட்ஸ், அது சேரவில்லை என்றால் விளம்பரக்காரருக்கு மூன்று ஆட்டம்தான் ஆகும்" என்றார் உரிமையாளர். சேர்த்தேன். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்துக்கு நூறு, நூற்றைம்பது டாலர். கிடங்கில் வேலை பார்க்கிறவர், ஜிம் பயிற்சியாளர், இரண்டு ஆசிரியர்கள். எல்லோருக்கும் குர்ட் வார்னர் கதை மனப்பாடம்: மளிகைக் கடையில் இரவு வேலையாக அலமாரிகளில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர், 1995 முதல் மூன்று வருடம் அயோவாவில் அரீனா ஃபுட்பால் ஆடி, 2000 ஜனவரியில் அமெரிக்க ஃபுட்பாலின் உச்சப் போட்டியான சூப்பர் பௌல் ஜெயித்து அதன் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். உண்மைக் கதைதான். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஆட்டக்காரர் தேர்வு நாளில் நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்லும்போது எனக்கு என்னவோ போலிருக்கும். சம்பளத்தைவிடப் பெரிய செலவு விபத்துக் காப்பீடு. அது கட்டாத அணியை மைதானத்தில் இறக்கக் கூடாது, மோதுவதே வேலையாக இருக்கும் ஆட்டத்துக்குத் தவணை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் லீக்கில் ஆட்டம் ரத்தானதற்கு வெளியே சொன்ன காரணம் பல. உள்ளே பாதி நேரம் காரணம் இதுதான்.

இவ்வளவுக்கும் நடுவே லீக் வளர வேண்டும் என்று ஆசைப்பட்டது. பதினோரு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு ஊரிலிருந்து புது அணி சேர விரும்பியது, நுழைவுக் கட்டணம் ரொக்கமாகத் தருகிறது. போன் கூட்டத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் கூகுள் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கே போய் வர பஸ்ஸும் ஓட்டல் அறையும் சேர்த்தால் அந்தக் கட்டணத்தில் நம் பங்கு இரண்டே பயணத்தில் தீர்ந்துவிடும் என்றேன். சிறிய லீக் உயிரோடு இருப்பதே காலையில் கிளம்பி ஆடிவிட்டு ராத்திரியே வீடு திரும்பலாம் என்பதால்தான். யாரும் கேட்கவில்லை. பெரியவர்களும் கேட்பதில்லை. அந்த அரீனா ஃபுட்பால் லீக்கே 2009 சீசனை ரத்து செய்து திவாலாகி, அடுத்த வருடம் எழுந்து, 2019இல் மறுபடி மூடி, 2024இல் 16 அணிகளோடு திரும்ப வந்தது. சில வாரங்களிலேயே அணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 16க்குப் பதில் ஆறோடு ஆரம்பித்திருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு ஃபுட்பாலில் துளிகூட ஆர்வமில்லை.

போன நவம்பரில் ஒரு செய்தி வந்தது. இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற, எங்களோடு எப்போதும் கடித்துக் குதறிக்கொள்கிற அணி அடுத்த சீசன் வராதாம். அரங்கத்துக்கு வாடகை முன்பணம் கட்ட முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரே உற்சாகம். அவர்களுடைய கோல் கம்பம் எங்களுடையதைவிட நல்லது, சுவர் மெத்தை இரண்டு வருடம்கூட ஆகாதது, மலிவாக வரும் என்று ஒருவர் லாரி வாடகைகூட விசாரித்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்து அட்டவணைக் கோப்பைத் திறந்து அவர்கள் பெயரை நீக்கிப் பார்த்தேன். எங்கள் பத்தில் மூன்று ஆட்டம் காணாமல் போனது. அதில் இரண்டு எங்கள் ஊரில். கூட்டம் நிரம்புவதும் அந்த இரண்டுக்கு மட்டும்தான், வசவு பாடுவதற்கென்றே வருகிறவர்கள் உண்டு.

அந்தத் திரையைப் படம் பிடித்து உரிமையாளருக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி: "கம்பத்தை வாங்காதீர்கள், அவர்கள் வாடகையைக் கட்டிவிடுங்கள்."

இரண்டு நாள் பதில் இல்லை. கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் இரவு பத்தரைக்குப் போன்.

"ஸ்டாட்ஸ், எவ்வளவு கட்ட வேண்டுமாம்?"

முழுவதையும் அவர் கட்டவில்லை. மூன்று அணிகள் பங்கு போட்டுக்கொண்டன, கடனாக. திரும்ப வருமா என்பது வேறு விஷயம். தொடக்க ஆட்டம் மார்ச் கடைசி சனிக்கிழமை, அவர்களோடுதான், எங்கள் ஊரில். ஹாக்கி அணி இப்போது பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது, அதுதான் கொஞ்சம் இடிக்கிறது.