முள்ளங்கிப் பிள்ளையாரும் கோயாசான் நிவேதனமும்

டோக்கியோவில் ஆசாகுசா என்றால் எல்லோரும் சென்சோஜி கோயிலுக்குத்தான் போகிறார்கள். நாங்களும் போனோம். பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் வாசலைக் கடந்து, கடைத்தெரு வழியாக நடந்து, தூபக் கொப்பரையிலிருந்து எழும் புகையைக் கையால் வாரித் தலையில் தடவிக்கொண்டு, கருணையின் போதிசத்துவரான கன்னோனைக் கும்பிட்டோம். அங்கிருந்து வடகிழக்கே சற்று நடந்தால், சுமிதா ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குன்று வருகிறது. அதன் மேல் இருப்பது மட்சுச்சியாமா ஷோதென் கோயில். வெளிநாட்டுக் கூட்டம் இங்கே அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் டோக்கியோவில் முதலில் தொழ வேண்டிய சன்னிதி இதுதான் என்பேன். உள்ளே எழுந்தருளியிருப்பவர் நம் பிள்ளையார்.

பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாக ஜப்பானுக்குப் போன தெய்வங்களில் அவரும் ஒருவர். அங்கே அவருக்கு ஷோதென், காங்கிதென் என்று பெயர்கள். இரண்டு யானைமுக உருவங்கள் தழுவி நிற்பது போன்ற வடிவத்தைப் பெரும்பாலும் திரைக்குப் பின்னேயே வைத்துப் பூஜிக்கிறார்கள். காய்ச்சிய எண்ணெயால் அவருக்குச் செய்யும் அபிஷேகத்தைக்கூடக் குருமார்கள் தனியாகத்தான் செய்கிறார்கள். மூர்த்தியைப் பார்க்க முடியாது என்றதும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். என் மாமியார் மட்டும் கொஞ்சமும் தயங்கவில்லை. மூடிய கதவுக்கு முன்னால் நெற்றியில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போட்டார். பக்கத்தில் நின்ற ஒரு ஜப்பானியப் பாட்டி அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலைகுனிந்தார்.

இந்தக் கோயிலில் படைப்பது முள்ளங்கி. படிக்கட்டிலும் சுவரிலும் தூபக்கலத்திலும் இரண்டு முள்ளங்கிகள் பின்னிக் கிடக்கும் சின்னமும் பணப்பைச் சின்னமும்தான் எங்கு பார்த்தாலும். பணப்பை செல்வத்துக்கு, முள்ளங்கி உடல்நலத்துக்கும் தம்பதி ஒற்றுமைக்கும். மனத்தின் கோபம் என்னும் நஞ்சையே முள்ளங்கி குறிக்கிறது, அதை அவர் முன் வைத்தால் அவர் கழுவித் தருகிறார் என்பது இங்குள்ள நம்பிக்கை.

“பிள்ளையாருக்கு முள்ளங்கியா?” என்று அத்தை கேட்டார்.

“நம் நாட்டுப் பழைய சிலைகள் சிலவற்றிலும் அவர் கையில் முள்ளங்கி உண்டம்மா” என்றார் என் கணவர். வடக்கே அப்படிச் சிலைகள் இருப்பது உண்மைதான். அத்தைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கோயிலிலேயே விற்கும் முள்ளங்கி ஒன்றை வாங்கி, மேடையில் அடுக்கியிருந்த வெள்ளை வரிசையில் தன் கையாலேயே வைத்தார். முழங்கை நீளம், கழுவிய ஈரம் காயாமல், மேலே பச்சைத் தண்டின் அடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. படைத்த முள்ளங்கிகளைப் பிறகு பக்தர்களே எடுத்துப் போகலாம். பிரசாதம் என்ற வழக்கம் அந்த ஊரிலும் அப்படியே இருக்கிறது. ஹோட்டல் அறையில் அடுப்பு இல்லாததால் உப்பும் எலுமிச்சையும் பிழிந்து பச்சையாகவே சாப்பிட்டோம்.

அதே பிள்ளையாருக்கான மோதகத்தைக் கியோட்டோவில் கண்டோம். யாசகா கோயிலுக்கு அருகே 1617-இல் தொடங்கிய காமேயா கியோநாகா என்ற இனிப்புக் கடை இருக்கிறது. அங்கே செய்யும் காங்கிதான் என்ற பலகாரம், வாய் சுருக்கிய பணமுடிப்பு வடிவில், உள்ளே சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்து நல்லெண்ணெயில் பொரித்தது. பூரணத்தில் பட்டை, கிராம்பு போன்ற வாசனைச் சரக்குகளின் மணம். மேல்தோல் கடுமையாக இருக்கிறது, பல் ஜாக்கிரதை. கடித்ததும் நல்லெண்ணெய் மணம் முதலில் வருகிறது, கற்பூரப் பெட்டியைத் திறந்தாற்போல ஒரு பூஜையறை வாசனை பின்னாலேயே வருகிறது. தாங் காலத்துச் சீனாவுக்குப் போய்வந்த தூதர்கள் கொண்டுவந்த பலகாரம் என்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நைவேத்தியத்தை இன்னொரு நாட்டார் கைவிடாமல் காத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானில் சைவ உணவு என்பது கறித்துண்டு இல்லாமல் இருந்தால் போதும் என்ற கணக்கில் வராது. சிக்கல் தாஷியில்தான் இருக்கிறது. உலர்த்திய மீனைச் சீவி ஊறவைத்து எடுக்கும் அந்தச் சாறு, சூப்பில், நூடுல்ஸ் குழம்பில், பார்வைக்குப் பரம சாதுவாக இருக்கும் காய்க்கூட்டில், சோற்றைப் பொதிந்த இனிப்பு டோஃபுப் பையில் என்று எல்லாவற்றிலும் புகுந்திருக்கிறது. ஒரு கடையில் காய்கறி மட்டும் என்று உறுதி சொல்லிக் கொண்டுவந்த கிண்ணத்தின் மேல் மீன் சீவல் ஆடிக்கொண்டிருந்தது. பரிமாறிய பெண்ணுக்கு அது உணவில் சேரும் பொருளாகவே தோன்றவில்லை, அவ்வளவு இயல்பான மணம் அவர்களுக்கு. இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை, வெங்காயம், பூண்டு வேண்டாம் என்று ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டையை எடுத்துப் போங்கள். வாயால் சொல்வதைவிட அது நூறு மடங்கு பயன்படும். அத்தை வெங்காயம், பூண்டு தொடாதவர். பல நாள் அவருக்கு வெறும் சோறும் ஊறுகாய்ப் பொடியும்தான்.

அந்தக் கவலை முற்றிலும் நீங்கிய இடங்கள் கோயில்கள்தான். ஷோஜின் ரியோரி என்ற துறவியர் உணவில் மீனும் இறைச்சியும் கிடையாது, பூண்டு, வெங்காய வகைகளும் கிடையாது. சாற்றுக்குக் கொம்பு என்ற கடற்பாசியும் உலர்ந்த காளானும் போடுகிறார்கள். கியோட்டோவின் அராஷியாமாவில் தென்ரியூஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே ஷிகெட்சு என்ற உணவகம் மதியத்தில் இதைப் பரிமாறுகிறது. சிவப்பு அரக்குக் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததை அத்தை ஒன்று விடாமல் முடித்தார்.

நாராவைப் பற்றி ஒரு வார்த்தை. தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து போன துறவி. மதுரையில் பிறந்தவர் என்று சொல்வாரும் உண்டு. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, கூடியிருந்தவர்களெல்லாம் அதைத் தொட்டுக்கொண்டு புண்ணியத்தில் பங்கு பெற்றார்களாம். அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கின்றன. கும்பாபிஷேகத்தில் யாகசாலைக் கயிற்றைத் தொட எட்டும் கைகள் எனக்கு நினைவில் வந்தன.

பயணத்தின் சாரம் கோயாசான் மலைதான். ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயில், கடைசியில் செங்குத்தான கேபிள் கார். சுமார் 800 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த சமதளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள். சீனாவில் மந்திர மார்க்கம் கற்றுத் திரும்பிய கோபோ தாய்ஷி என்னும் கூகாய் 816-இல் அரசரிடம் கேட்டுப் பெற்ற மலை இது. பல கோயில்களில் யாத்ரிகர்கள் தங்கலாம். நாங்கள் தங்கிய கோயிலில் மாலை ஆறு மணிக்குள் இளம் துறவிகள் குட்டைக் கால் வைத்த தட்டுகளை ஏந்தி அறைக்கே வந்து, மண்டியிட்டுப் பரிமாறினார்கள். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு விடாமல் கிளறிக் காய்ச்சிய எள் டோஃபு, ஒரு காலத்தில் இந்த மலையின் குளிரில் உறையவைத்து உலர்த்திய கோயா டோஃபு, மலைக்கீரை, காய்ப் பஜ்ஜி, தெளிந்த சூப், சோறு. அட்டையை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. “இன்றுதான் கேள்வி கேட்காமல் சாப்பிட்டேன்” என்றார் அத்தை.

விடியலில் கோமா. நம் ஹோமம்தான். சதுரக் குண்டம், அடுக்கிய சமித்து, நீண்ட கரண்டியால் எண்ணெயும் தானியமும், நடுநடுவே கைமுத்திரைகள், அதிரும் முரசு. வேண்டுதலை எழுதிக் கொடுத்த மரக்குச்சிகள் ஒவ்வொன்றாக நெருப்புக்குள் போயின. அத்தை ஸ்வாஹா, ஸ்வாஹா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒக்குனோயின், கோபோ தாய்ஷியின் சமாதி இருக்கும் கல்லறை வனம். இரண்டு கிலோமீட்டர் நீளப் பாதை, இருபுறமும் பல நூற்றாண்டு வயதான தேவதாரு மரங்கள், அவற்றின் அடியில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நினைவுக் கற்கள். அவற்றில் பல, ஐந்து கற்களை அடுக்கிய தூண்கள். கீழே சதுரம் நிலம், அதன்மேல் உருண்டை நீர், கூம்பு தீ, அரைவட்டம் காற்று, உச்சியில் ரத்தினம் போன்றது ஆகாயம். பாசி படிந்த கற்களில் பழைய வடமொழி எழுத்துகள். என் மகன் கீழிருந்து விரலால் எண்ணி, “காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, காளத்தி, சிதம்பரம்” என்று சொன்னான். பாட்டி சொல்லிக் கொடுத்த வரிசை.

பாதையின் முடிவில் ஒரு பாலம். அதற்கப்பால் புகைப்படம் எடுக்கக் கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும். 835-இல் கோபோ தாய்ஷி சமாதியில் அமர்ந்தார், இன்றும் தியானத்தில் இருக்கிறார் என்பது அங்குள்ளவர்களின் அசையாத நம்பிக்கை. அதனால் தினமும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் அவருக்கு உணவு போகிறது. வெள்ளை மரப்பெட்டியைத் துறவிகள் தோளில் சுமந்து வந்து, ருசி பார்க்கும் ஜிசோ என்னும் போதிசத்துவரின் சிறு சன்னிதி முன் நிறுத்தி, பிறகு பாலம் கடக்கிறார்கள். மந்திராலயத்தில் ராகவேந்திரர் பிருந்தாவனத்துக்கு முன் நிற்பது போலவே அத்தை கைகூப்பி நின்றார்.

விளக்கு மண்டபத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விளக்குகள். அவற்றில் ஒன்று, ஓதெரு என்ற ஏழைப்பெண் தன் கூந்தலை விற்று வைத்த விளக்கு, ஆயிரம் ஆண்டாக அணையவில்லை என்கிறார்கள். புல் விற்றுக் கிடைத்த பணத்தில் விளக்கேற்றி, புல்லும் விலைபோகாத நாளில் தன் தலைமுடியையே திரியாக்கி எரித்த கணம்புல்ல நாயனாரின் கதையை அங்கேயே மகளுக்குச் சொன்னேன். மண்டபத்தை விட்டு வர எங்கள் யாருக்கும் மனமில்லை.

போகிறவர்களுக்கு: கோயிலில் தங்கும் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், இலையுதிர்காலத்தில் இடம் கிடைப்பது அரிது. மாலை ஐந்துக்கு முன் அறைக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் சாப்பாடு நமக்காகக் காத்திருக்காது. காலை 6 மணி நிவேதனம் தங்குமிடத்தின் விடியல் வழிபாட்டோடு மோதும், ஆகவே 10.30 மணியைப் பிடியுங்கள். முதியவர்கள் நடக்க வேண்டிய தூரத்தைப் பாதியாகக் குறைக்க ஒக்குனோயின்-மாயே நிறுத்தம் வரை பஸ் இருக்கிறது.