ஆடி மாதத்துப் பாட்டு

ஜூன் 4
நேற்றிரவு காரைதீவுக் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்தி, அம்மனைக் குளிரவைக்கும் சடங்கு. உடுக்கோடு பாட்டு எழும்பியதும் சனம் அடங்கிப்போனது. வீட்டுக்கு வந்து அந்த இழுவையைக் கீபோர்டில் தேடினேன். இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கிறது; எதை அமர்த்தினாலும் பொய்யாகக் கேட்கிறது. விடியப் போய்ப் பாடிய பெரியவரைக் கேட்டேன். “மூச்சு முடியிற இடத்தில நிப்பாட்டாத மகன், சொல்லு முடியிற இடத்தில நிப்பாட்டு” என்றார். இதற்காக எவ்வளவு தூரமும் பஸ் ஏறலாம்.

ஜூன் 21
வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான்: “சேர், பாட்டை ஏத்தினா காசு வருமா?” உள்ளதைச் சொன்னேன். ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டை 12 மாதத்துக்குள் 1,000 தடவையாவது கேட்டிருந்தால்தான் அதற்குப் பணம் சேரும். 2024இல் வந்த விதி. யூடியூபிலோ 100 டொலர் சேரும்வரை வங்கிக்கு எதுவும் வராது. மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் எனக்குச் சோறு போடுவது கலியாணவீடும் சாமத்தியவீடும் இந்த ரியூசனும்தான். அதில் குறைவொன்றும் இல்லை. எந்த இடத்தில் சனம் கதையை விட்டுவிட்டு மேடையைத் திரும்பிப் பார்க்கிறது என்பதை அங்கேதான் படிக்கிறேன்.

ஜூலை 19
விபுலாநந்த அடிகள் மறைந்த நாள். அவருடைய யாழ் நூல் அரங்கேறியதும் அதே 1947இல்தான். வழக்கொழிந்த ஒரு கருவியின் சுரங்களைப் பழைய பாட்டுகளிலிருந்து கணக்குப் போட்டு மீட்டவர் பிறந்த ஊரில்தான் நான் அந்தக் குளிர்த்தியைக் கேட்டேன்.
ஆடியில் கலியாணம் இல்லை, வருமானமும் இல்லை. ஆனி உழைப்பில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கி வைப்பேன். எனக்கென்று பாட்டுக் கட்டும் மாதம் இது.

ஓகஸ்ட் 9
பாட்டு முடிந்தது. மெட்டு என்னுடையது. நடை உடுக்கிலிருந்து வந்தது. மத்தளம் வாசித்தவர் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர்.
வெளியீட்டுப் படிவத்தில் கன்டென்ட் ஐடி வேண்டுமா என்று கேட்கிறது. அதில் ஒரு பாட்டைப் பதிந்தால், அதே ஒலி வேறெந்த வீடியோவில் இருந்தாலும் யூடியூப் கண்டுபிடித்து உரிமை கோரும். விளம்பரப் பணம் பதிந்தவருக்குப் போகும். குளிர்த்தி மெட்டை அப்படியே எடுத்து ஒருவர் பதிந்துவிட்டால்? கோயிலடிப் பெடியன்கள் போட்ட திருவிழா வீடியோவுக்கே நோட்டீஸ் வரலாம்! தனக்கே முழு உரிமை உள்ளதைத்தான் பதியலாம் என்பது விதி. ஊர் மெட்டு ஒருவருடைய சொத்து இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நாட்டார் கலைகளைத் தனியாகக் காக்கிறது. என் மெட்டுக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டேன். உடுக்கு நடை ஒத்திருப்பதற்காக ஒரு பிள்ளையின் வீடியோகூட மாட்டக்கூடாது.

ஓகஸ்ட் 24
ஆவணி பிறந்ததும் போன் ஓயவில்லை. ஆரையம்பதிக் கலியாணவீட்டில் பந்தி நேரத்தில் புதுப்பாட்டை வாசித்தோம். பொம்பிளையின் பெரியப்பா மேடைக்கு வந்து, “இது ஆர்ர பாட்டு தம்பி?” என்று கேட்டு, மகளின் கலியாணத்துக்கும் இதையே வாசிக்கச் சொல்லி முற்பணம் தந்தார். அண்ணாவியாரின் பங்கை அங்கேயே பிரித்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு வடமோடிக் கூத்தின் தாளக்கட்டு சொல்லித்தர வரச் சொல்லியிருக்கிறார்.