தொல்லை தராத பிள்ளை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர், விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். இந்தப் பெற்றோரை வளர்த்தவர்களோ, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும்போது, கைக்குழந்தையை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற தோட்டத்து மக்கள். தாய் அருகில் இல்லாத பகல் நமக்குப் புதிதன்று. இருந்தும் பதின்ம வயதினரின் மனநலம் பற்றிப் பேச்செடுத்தால், பெற்றோர் வீட்டில் இல்லாததுதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

குழந்தை தன்னைப் பேணுபவரிடம் கொள்ளும் பிணைப்பு பாலுக்கும் சோற்றுக்கும் ஆனது மட்டுமன்று என்றார் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. அச்சம் வரும்போது ஓடிச் சேரவும், அச்சம் தீர்ந்ததும் துணிந்து வெளியே புறப்படவும் அதற்கு ஓர் ஆள் வேண்டும். பௌல்பியுடன் பணியாற்றிய உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த், 1950களில் உகாண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் அவரவர் வீட்டிலேயே கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்து, தாய் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தார். பெரும்பாலான குழந்தைகள் தாயிடம் போய், ஆறுதல் பெற்று, மீண்டும் விளையாட்டுக்குத் திரும்பின. சில குழந்தைகள் தாயை விடாமல் பற்றிக்கொண்டும் கோபித்துக்கொண்டும் அழுதன. இன்னும் சில, தாய் வந்ததையே கண்டுகொள்ளாமல் பொம்மையைப் பார்த்தபடி இருந்தன. மூன்றாவது வகைக் குழந்தைதான் பார்ப்பவர் கண்ணுக்குச் சமர்த்து. ஆனால் பிற்பாடு இதயத் துடிப்பை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், முகத்தில் கலக்கம் தெரியாத அக்குழந்தைகளுக்கும் துடிப்பு உயர்ந்திருப்பதைக் கண்டார்கள்.

இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றில் படிக்கும் மாணவன் ஒருவன், சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கிய நிலையில், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தான். பேனாவை இடக்கையில் பிடித்திருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். "அம்மா களைச்சுப் போய் வருவாங்க டீச்சர். எதுக்கு அவங்களுக்குத் தொல்லை?" என்றான். அவனுடைய பாட்டி இதைப் பிறகு பெருமையாகவே சொன்னார். எனக்கோ அது அச்சத்தைத் தந்தது. கேட்டாலும் உதவி வராது என்று ஒரு பிள்ளை முடிவுகட்டிவிட்டால், அந்த முடிவு வீட்டோடு நிற்பதில்லை. நண்பனிடமும் ஆசிரியரிடமும் அதே எதிர்பார்ப்புடன்தான் பழகுவான். வாட்ஸ்ஆப்பில் பதில் வரச் சற்றுத் தாமதமானாலே தோழி வெறுத்துவிட்டாள் என்று துடிக்கும் பிள்ளைக்கும் சிக்கல் உண்டு. ஆனால் அவளுடைய துடிப்பு பிறர் கண்ணில் படுகிறது. பள்ளியிலும் சண்டை போட்டவனும் மட்டம் போட்டவனுமே ஆலோசக ஆசிரியரிடம் அனுப்பப்படுகிறார்கள்.

அந்த மாணவனுக்கு நேர்மாறாக, தாயோடு ஓயாமல் வாக்குவாதம் செய்யும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். தாய் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. ஓய்வு நேரத்தில் தவறாமல் அழைப்பார். இருவரும் தொலைபேசியிலேயே சண்டையிட்டு, இரவில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். உறவு முறிந்துவிடாது என்ற நம்பிக்கை இருப்பதால்தான் அவளால் எதிர்த்துப் பேச முடிகிறது. பதின்ம வயதில் பிள்ளை விலகிப் போவதைப் பிணைப்பு அறுந்ததாகக் கொள்ளக் கூடாது. தன் கருத்தைச் சொல்லவும், சொன்ன பிறகும் உறவில் நிலைக்கவும் பழகும் பருவம் அது.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1970களில் தொடங்கி, வறுமைச் சூழலில் பிறந்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்த ஆய்வில், சிறுவயதில் பாதுகாப்பான பிணைப்பு, அதாவது தாயிடம் ஆறுதல் பெற்று விளையாட்டுக்குத் திரும்பும் முதல் வகைப் பிணைப்பு, பெற்றிருந்தவர்கள் சராசரியாகப் பார்க்கையில் நட்பிலும் உணர்ச்சிகளைக் கையாள்வதிலும் மேலான நிலையில் இருந்தார்கள். இதைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மரணமோ மணமுறிவோ நல்ல பிணைப்பையும் குலைக்கக்கூடும். நம்பத்தகுந்த ஒரு பெரியவர், அவர் பாட்டியாக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும், பழைய எதிர்பார்ப்பை மெல்ல மாற்றவும் கூடும்.

அந்த மாணவனின் தாயிடம் பேசியபோது, வேலையை விடுமாறு நான் சொல்லவில்லை; அவரால் விடவும் முடியாது. மகன் ஏதாவது ஒன்றைச் சொன்னால், "ஏன் பார்த்து ஓட்டக் கூடாது?" என்பதை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் கையைப் பாருங்கள் என்றேன். பாட்டியிடமும் அதையே சொல்லியிருக்கிறேன், பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான் என்பதால்.