கன்னத்து நீலம்

மெல்பர்னில் ரயிலேறி, கடைசி நிலையமான பெல்கிரேவில் இறங்கினேன். அங்கிருந்து ஷெர்புரூக் காட்டுக்கு நடந்தே போய்விடலாம். மார்ச் மாதக் காலை. பாதையின் இருபுறமும் மவுண்டன் ஆஷ் மரங்கள். பூக்கும் தாவரங்களில் உலகிலேயே மிக உயரமாக வளர்பவற்றுள் இவையும் சேரும். அண்ணாந்து பார்த்தபடியே நடந்ததில், தரையில் விதை பொறுக்கிக்கொண்டிருந்த கிளியை மிதிக்காத குறைதான்.

சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் செம்பருத்தி நிறம். முதுகில் கறுப்பு இறகுகள், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளிம்பு, மீன் செதில் அடுக்கியதுபோல. நீண்ட வால் நீலம். இந்தக் காட்டில் தலையும் வயிறும் சிவந்த கிளி என்றால் கிரிம்சன் ரோசெல்லாவாகவோ ஆண் கிங் பேரட்டாகவோ இருக்கலாம். கிங் பேரட் இன்னும் பெரியது, முதுகு பச்சை. ஆக, இது ரோசெல்லா. சந்தேகமே இல்லை.

கொஞ்சம் தள்ளி மூன்று பச்சைக் கிளிகள் மேய்ந்துகொண்டிருந்தன. மங்கிய ஆலிவ் பச்சை, அங்கங்கே சிவப்பு. பெண் கிங் பேரட் என்று நோட்டில் எழுதிவிட்டேன். அதற்கும் பச்சை உடம்பு, சிவப்பு வயிறு. ஆனால் தலை முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டுமே, இவற்றின் நெற்றியில் சிவப்பு இருக்கிறதே என்று உறுத்தியது. பைனாகுலரை எடுத்தேன். ஒன்று தலையைத் திருப்பியது. அலகுக்குக் கீழே, கன்னத்தில், பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. சிவப்புக் கிளியைப் பார்த்தேன். அதே இடத்தில் அதே நீலம்!

அந்த மூன்றும் ரோசெல்லாக் குஞ்சுகள். இந்தப் பகுதியில் அவை பச்சையாகத்தான் கூட்டைவிட்டு வெளியே வரும். காய் பழுப்பதுபோல் மெல்ல மெல்லச் சிவக்க ஓராண்டுக்கும் மேல் ஆகும்.

கிளிகளின் சிவப்பும் மஞ்சளும் அவற்றின் உடம்பே தயாரிக்கும் நிறமிகள். நீலத்துக்கு நிறமி கிடையாது, இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. மஞ்சள் நிறமியும் இந்த நீலமும் சேர்ந்தால் பச்சை. உடம்பின் நிறத்தை மட்டும் நம்பினால் இந்த இனத்தில் ஏமாந்துபோவோம். மர்ரே ஆற்றங்கரையில் இதே இனம் மஞ்சளாக இருக்கும், அடிலெய்டு பக்கம் ஆரஞ்சாக. எல்லாவற்றுக்கும் கன்னம் நீலம்தான். அதே கன்னம் வெள்ளையாக இருந்தால் அது வேறு இனம், ஈஸ்டர்ன் ரோசெல்லா.

இவை மனிதரிடம் நெருங்கி வரும். கையில் விதை வைத்து நீட்ட ஆசையாகத்தான் இருக்கும், தயவுசெய்து நீட்டாதீர்கள். தீனிக்காக ஒரே இடத்தில் கூடும்போது அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுகிறது.

திரும்பும் வழியில் பெரணி மரத்தில் இன்னொன்றைக் கண்டேன். முதுகில் பச்சைத் திட்டுகள், நெஞ்சில் சிவப்புத் திட்டுகள். இந்தத் தடவை நேராகக் கன்னத்தைத்தான் பார்த்தேன். மணி ஒலிப்பதுபோல் இரண்டு முறை கூவிவிட்டு, தாழ்ந்தும் எழும்பியும் மரங்களுக்குள் பறந்து போனது.