வடை ரசீதும் ஆவுளியாவும்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், வடைக்கு ரசீது வாங்கியதுதான். மல்லிப்பட்டினத்தில் ஒரு டீக்கடை. நாற்பது வடை, நாற்பது டீ. கடைக்காரர் பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடை முத்திரை இல்லை என்று சென்னை அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. டீக்கடைக்கு ஏது முத்திரை? கடைசியில் பட்டுக்கோட்டையில் என் காசில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து அவருக்கே கொடுத்தேன். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. சீனி டப்பாவின் மேல் வைத்திருப்பார்.

இது 2017இல். பாக் விரிகுடாவில் கடல் பசுக்களைக் காக்கும் திட்டம் ஒன்றை நடத்திய சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். விலங்கியல் முதுகலை படித்திருந்தாலும், அதுவரை கடலோடு எனக்கிருந்த உறவு, பள்ளிச் சுற்றுலாவில் ராமேஸ்வரத்தில் கால் நனைத்ததுதான். பணி நியமனக் கடிதத்தில் முதல் வரி, ‘மீனவர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துதல்.’ வடை அதற்குத்தான்.

கூட்டத்துக்கு நான் சார்ட் எழுதிக்கொண்டு போவேன். கடல் பசு மூன்று மீட்டர் நீளம் வரை வளரும், முந்நூறு நானூறு கிலோ இருக்கும். மீன் இல்லை, பாலூட்டி. யானைக்குத் தூரத்துச் சொந்தம். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். அதனால்தான் பத்து செத்தால் அந்த இடத்தை நிரப்பப் பல வருடம் பிடிக்கிறது. இந்தியக் கடலில் மிச்சம் இருப்பவை சில நூறுதான். எல்லோரும் மரியாதையாகக் கேட்பார்கள். சேதுபாவாசத்திரத்துக்குத் தெற்கே ஒரு ஊரில், முழுதும் கேட்டு முடித்த பெரியவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“அது மூச்சு விடுற சத்தம் கேட்டிருக்கியா பாப்பா?”

கேட்டதில்லை. படத்தில்தான் பார்த்திருந்தேன்.

“மாடு பெருமூச்சு விடுற மாதிரி இருக்கும். ராத்திரி வலையை விட்டுட்டு வள்ளத்துல படுத்திருக்கறப்போ பக்கத்துல கேட்டா தூக்கம் போயிரும்.”

அப்புறம் தயங்காமல் சொன்னார். ஆவுளியா கறியைச் சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறாராம். ஊருக்கே பங்கு வைப்பார்களாம். ஆவுளியா என்பதுதான் அந்தக் கரையில் கடல் பசுவுக்குப் பெயர். என் சார்ட்டில் அந்தச் சொல்லே இல்லை. கடற்புல் என்று நான் எழுதியிருந்ததை அவர்கள் தாழை என்றார்கள். எந்தத் தாழை எங்கே அடர்ந்திருக்கிறது, எந்தக் காற்றுக்கு ஆவுளியா எந்தப் பக்கம் மேய வரும் என்பதெல்லாம் அங்கே பத்தாம் வகுப்பு தாண்டாத பையனுக்குத் தெரிந்திருந்தது. இவர்களுக்கு எதைப் பற்றி விழிப்பு இல்லை என்று நினைத்து எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன்.

இன்னொன்றும் உறுத்தியது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். வெளிச்சம் தரை வரை போவதால்தான் தாழை அங்கே வயல் போல வளர்கிறது. விசைப்படகின் இழுவை மடி வலை அந்தத் தரையை அரித்துக்கொண்டு போனால் தாழையும் வேரோடு போகும், கலங்கிய சேறு வெளிச்சத்தையும் மறைக்கும். இதை நாட்டுப்படகுக்காரர்களிடம் போய் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். “இதை நீ அங்க போய்ச் சொல்லணும் பாப்பா, எங்ககிட்ட இல்ல” என்று துறைமுகப் பக்கம் கை காட்டினார் ஓர் அண்ணன். நியாயம்தான். ஆனால் விசைப்படகு முதலாளிகள் வடைக்கு வருகிற ஆட்கள் இல்லை. வருகிறவர்களுக்கே திரும்பத் திரும்ப விழிப்புணர்வு கொடுத்து, வருகைப் பதிவேட்டை நிரப்பி அனுப்பினோம்.

முதல் பதினான்கு மாதங்களில் எனக்குக் கிடைத்த ஆவுளியாத் தகவல் பூஜ்யம். வலையில் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி, யானையோடு இதுவும் இருக்கிறது. தெரியாமல் சிக்கிச் செத்தாலும், விஷயம் வெளியே போனால் வழக்கு வருமோ என்று பயம். கல்லைக் கட்டி இறக்கிவிட்டால் கடலுக்கும் தெரியாது, கணக்குக்கும் வராது. நோட்டும் பேனாவுமாக வருகிற பெண்ணிடம் யார் சொல்வார்கள்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. நான் பட்டுக்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தேன். விடிந்து பார்த்தால், தெரு முழுக்கத் தென்னை. இரண்டு நாள் கழித்துத்தான் மல்லிப்பட்டினம் போக முடிந்தது. துறைமுகத்தில் படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கூரை போன வீடுகளில் குழந்தைகள் ஈரப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வருடம் வளர்த்த தோப்பு போனவர்கள் பேச்சே இல்லாமல் நின்றார்கள்.

பத்து நாள் கழித்து செல்போன் கோபுரம் வேலை செய்யத் தொடங்கியதும் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். கடற்புல் படுகைகளின் சேதத்தை மதிப்பிட்டு உடனே அறிக்கை வேண்டும். நான் எத்தனை தார்ப்பாய் வேண்டும் என்று பட்டியல் அனுப்பினேன். அது திட்ட நோக்கத்துக்குள் வராது என்று பதில் வந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நிதி கொடுத்தவர்களின் ஒப்பந்தத்தில் ஆவுளியாவுக்கு இடம் இருந்தது, அதைப் பார்க்கிறவனின் கூரைக்கு இடம் இல்லை. விழிப்புணர்வுக் கூட்டத் தலைப்பில் ஆறு கூட்டத்துக்குப் பணம் மிச்சம் இருந்தது. அந்த ஆறையும் ஒரே வாரத்தில் நடத்தினேன். கூட்டம் நடந்தது உண்மை, கையெழுத்தும் உண்மை. வடைக்குப் பதில் தார்ப்பாய். கணக்குப் பார்த்த அக்கா போனில் “பேனர் போட்டோ எங்கேம்மா?” என்று மட்டும் கேட்டார். பேனரைக் கூரையில் கட்டிவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி, ரசீதை மட்டும் ஒழுங்கா அனுப்பு” என்றார்.

அடுத்த வருடம் பிப்ரவரியில்தான் முதல் அழைப்பு வந்தது. “பாப்பா, ஒண்ணு ஒதுங்கியிருக்கு. செத்துட்டுது. யார்கிட்டச் சொல்றதுன்னு நீயே பாத்துக்க.” வனத்துறைக்குச் சொல்லி, கால்நடை மருத்துவர் வந்து, கரையிலேயே உடற்கூறாய்வு நடந்தது. பெட்டை. துடுப்புக்கு அடியில் மடி, கிட்டத்தட்ட மனுஷிக்கு இருக்கிற இடத்தில். உதட்டைச் சுற்றி முள் முள்ளாக முடி. வால் பக்கம் வலை அறுத்த தடம். வயிறு நிறைய மென்ற தாழை, பச்சை மாறாமல். நாற்றம் மூன்று நாள் என் தலைமுடியை விட்டுப் போகவில்லை. குழி தோண்டிப் புதைத்தபோது ஓர் ஆயா வெற்றிலையை ஓரம் துப்பிவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

அதன் பிறகு தகவல்கள் வரத் தொடங்கின. என் சார்ட்டுக்கு அதில் பங்கு எதுவும் இல்லை.

இப்போது வலைக்கு வருகிறேன். ஆவுளியா அதிகம் மாட்டுவது திருக்கை வலையில். வலைக்கண் பெரிது, கயிறு கெட்டி, தரையோடு நிற்கும். சிக்கிய ஆவுளியா புரளப் புரள இன்னும் இறுகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டே ஆக வேண்டிய விலங்கு அது. அதனால் ஆள் பார்த்தவுடன் வலையை அறுத்தால்தான் பிழைக்கும். அறுத்த வலை போனது போனதுதான். கடன் வாங்கி வாங்கிய வலை, பல ஆயிரம் ரூபாய். அப்படி உயிரோடு விட்டவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டி ஊக்கத்தொகை கொடுப்பது உண்டு. நல்ல காரியம், ஊரில் அதற்கு மதிப்பும் இருந்தது. எங்கள் நிறுவனமும் தன் பங்குக்கு வலை இழப்பீட்டு நிதி ஒன்று வைத்தது. கூடவே நான்கு பக்கப் படிவம். விலங்கு தெளிவாகத் தெரியும் வீடியோ, வலை அறுக்கப்படும் காட்சி, விலங்கு நீந்திப் போகும் காட்சி, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை.

இருட்டில் ஆடுகிற வள்ளத்தில் இரண்டே பேர். ஒருவர் வலையைப் பிடித்திருக்க, இன்னொருவர் கத்தியை எடுப்பாரா, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கும் போனை எடுப்பாரா? படம் சரியாக விழ வேண்டுமென்றால் அதைத் தண்ணீருக்கு மேல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்குள் அது மூச்சு முட்டிவிடலாம். நிரூபிக்கக் கேட்கிற நேரமும் அது பிழைத்திருக்கிற நேரமும் ஒன்றேதான் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். ஆதாரம் இல்லாமல் பணம் கொடுத்தால் தணிக்கையில் நிற்காது என்றார்கள். அதுவும் சரிதான். யாரும் பொய் சொல்லி ஏமாற்றிவிட மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியுமா? முடியாது. ஆனாலும் நான்கு வருடத்தில் அந்த நிதியிலிருந்து முழு இழப்பீடு வாங்கியவர் இரண்டே பேர்.

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தம் வந்தது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. எங்களுக்குப் பணம் வந்ததே ஒரு பெரிய அமைப்பின் கை வழியாகத்தான். ஏற்கெனவே கொரோனா. பாதிச் சம்பளம், பிறகு இரண்டு மாதம் அதுவும் இல்லை. பட்டுக்கோட்டை வீட்டுக்காரம்மா வாடகை கேட்கவில்லை, அதற்குப் பதில் அவர் பேரனுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தேன். உள்ளூர் நன்கொடையில் திட்டம் எப்படியோ உயிர் பிழைத்தது. மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் தாழைக் கன்றுகளைச் செருகிக் கடலடியில் இறக்குகிற வேலையில் இறங்கினோம். படத்துக்கு அழகான வேலை, நன்கொடையாளர்களுக்கு மிகவும் பிடிக்கும். நட்டதில் எத்தனை பிழைத்தது என்று மறு வருடம் போய்ப் பார்க்கப் படகு வாடகைக்கு மட்டும் யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

2022 செப்டம்பர் 21 அன்று தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நான் மனோரா பக்கம் ஒரு ஊரில் இருந்தேன். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகச் சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்குக் கோபுரம் அது. எங்கோ நடந்த சண்டைக்கு இங்கே நினைவுச்சின்னம். அதன் நிழலில் உட்கார்ந்து செய்தியைச் சொன்னேன். முதல் கேள்வி, “அப்ப நாங்க அங்க போகலாமா, கூடாதா?” போகலாம், வழக்கமான தொழிலுக்குத் தடை இல்லை என்றேன். நம்பியும் நம்பாமலும் தலையாட்டினார்கள். காகிதத்தில் வருகிற எதையும் அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

மறு வருடம் வேலையை விட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அது ஒரு காரணம். நாற்பது வயதை நோக்கிப் போகும்போது வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருப்பது இன்னொன்று. இப்போது திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன்.

சென்ற தை மாதம் இரவு இரண்டரை மணிக்கு, துறைமுகப் பக்கம் கை காட்டிய அதே அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பதினொரு நொடி. முழுக்க இருட்டு. டார்ச் வெளிச்சம் ஒரு கணம் தண்ணீரில் பட்டு விலகுகிறது. கயிறு அறுபடும் சத்தம், யாரோ “விடு விடு” என்கிறார்கள், அப்புறம் ஒரு பெருமூச்சு. மாடு விடுவது மாதிரிதான். காலையில் கூப்பிட்டேன்.

“பாத்தியா பாப்பா? இதுக்குக் காசு வருமா?”

“வராதுண்ணே. உருவமே தெரியலையே.”

“எப்படித் தெரியும்? அதான் போயிருச்சே” என்று சிரித்தார்.