பொதுக் கோப்புறைக்கு யார் பொறுப்பு?

நான் பங்களித்த ஒரு தமிழ்க் கட்டற்ற மென்பொருளில் விசைப்பலகை, பிழைதிருத்தி, தேடல் என்று மூன்று குழுக்கள். மூன்றுக்கும் பொதுவாக ஒரு சின்னக் கோப்புறை, எழுத்துகளைச் சீராக்கும் நிரல். யார் வேண்டுமானாலும் அதில் கை வைக்கலாம்.

'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் 'ொ' என்று ஒரே குறி. அல்லது 'ெ', 'ா' என்று இரண்டு குறிகள். திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடு இரண்டையும் சமமாகவே கொள்கிறது, ஆனால் சீராக்காமல் ஒப்பிட்டால் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். தேடல் குழு வேகத்துக்காக அந்தச் சீராக்கும் படியைப் பொது நிரலிலிருந்து எடுத்துவிட்டது. அவர்களுக்கு வரும் உரை ஏற்கெனவே சீரானது, ஆகவே அவர்களுக்கு எதுவும் உடையவில்லை. பிழைதிருத்தியிலோ 'கொடி'க்கும் 'சோறு'க்கும் சிவப்புக் கோடு. மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தவன் நான். பிழைதிருத்தியின் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து பேசினோம். கோப்புறைக்குப் பொறுப்பேற்கும்படி அந்த நிரலை எழுதியவரையே கேட்கலாம் என்றார்கள். அவர் வேலை மாறி ஓராண்டாகிவிட்டது. மரியாதைக்காகச் சரி என்பார், நேரம் இருக்காது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 'மெயின்டெய்னர்ஸ்' கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் பெயரோடு நிலையும் எழுதியிருக்கும். ஆள் உண்டு, நேரம் இல்லை என்றால் 'ஆட் ஃபிக்ஸஸ்', எப்போதாவது ஒரு திருத்தம். ஆளே இல்லையென்றால் 'ஆர்ஃபன்', அநாதை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அதிகம் பயன்படுத்தும் தேடல் குழுவே பார்க்கட்டும் என்றார் இன்னொருவர். தன் தேவையை மட்டும் பார்த்ததால்தானே உடைந்தது? மூன்று குழுவும் சேர்ந்து பார்க்கலாம் என்றேன் நான். இதுவரை நடந்ததும் அதுதான் என்று ஒருவர் சொன்னதும் என்னிடம் பதில் இல்லை.

பிழைதிருத்திக் குழுவில் ஒரு பெண், யாரும் சொல்லாமலேயே அந்தக் கோப்புறைக்கு டெஸ்ட், அதாவது நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள், எழுதி வந்தவர், "நான் பாத்துக்கறேன் அண்ணா. ஆனா வேண்டாம்னு நான் சொன்னா அது நிக்கணும். கூட ஒருத்தர் வேணும், ஆறு மாசம் கழிச்சு விடுறதுன்னா விடவும் முடியணும்" என்றார்.

கூட ஒருத்தர் என்றதும் எனக்கு எக்ஸ்இசட் நினைவுக்கு வந்தது. கோப்புகளைச் சுருக்கும் கட்டற்ற மென்பொருள் அது, பல ஆண்டுகள் ஒருவரே சுமந்த நிரல். அவர் களைத்திருந்தபோது மின்னஞ்சல் பட்டியலில் வந்து நெருக்கியவர்களும், உதவ வந்து மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்றவரும் இருந்தார்கள். அந்த உதவியாளர் பெயரில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு இருந்தது 2024 மார்ச் 29 அன்று வெளியில் வந்தது. உள்நுழைவு அரை விநாடி தாமதமானதை ஒருவர் கவனித்ததால் தப்பித்தோம். தனியாக விடப்பட்ட ஒரு மனிதரின் களைப்பைத்தான் அங்கே ஆயுதமாக்கினார்கள். இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அந்தப் பெண் கேட்ட மூன்றையும் அப்படியே எழுதிவைத்தோம். விசைப்பலகைக் குழுவிலிருந்து ஒருவர் துணைக்கு வந்தார். முதல் மாதமே என் திருத்தம் ஒன்று டெஸ்ட் இல்லை என்று திரும்பி வந்தது. எழுதி அனுப்பினேன். ஆறாம் மாதம் அந்தப் பெண் பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டார். துணைக்கு வந்தவர் பெயர் மேலே போனது, இரண்டாவது இடத்துக்கு என் பெயரைக் கொடுத்தேன்.