குரோன் நோய் மருந்துக்குக் கேட்காமல் போகும்போது

குரோன் என்பது குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் நோய். மருந்தால் வருடக்கணக்கில் அடங்கியிருந்த வயிற்றுவலியும் பேதியும் திரும்பிவிட்டால், உடனே மருந்தை மாற்ற அவசரப்படாதீர்கள். அழற்சிதானா என்று முதலில் பாருங்கள்: மலத்தில் கால்ப்ரொடெக்டின், ரத்தத்தில் சி.ஆர்.பி. (இரண்டும் அழற்சி இருந்தால் கூடும் புரதங்கள்), கூடவே பேதியை உண்டாக்கும் சி. டிஃபிசில் கிருமிக்கான மலப் பரிசோதனை. பழைய தழும்பால் குடல் சுருங்கியிருந்தாலும் வலி வரும். அதற்கு மருந்து மாற்றிப் பெரிய பயனில்லை.

அழற்சி உறுதியானால், அடுத்தது மருந்தின் ரத்த அளவு. இதைத் தவறவே விடாதீர்கள். இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் (அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள்) போடுபவர்கள் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு ரத்தம் கொடுக்க வேண்டும். ஊசி போட்ட கையோடு எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும். அளவு குறைவு, மருந்துக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளும் இல்லை என்றால் அதே மருந்தையே கூட்டிப் பார்ப்பார்கள்: இன்ஃப்ளிக்சிமாப் கிலோவுக்கு 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி., அடாலிமுமாப் இரு வாரத்துக்கு ஒன்று என்பது வாராவாரம். எதிர்ப்பொருள் நிறைய இருந்தால், அதே வகையில் வேறொன்று கைகொடுக்கலாம். அளவு போதுமானதாக இருந்தும் குடல் புண் ஆறவில்லையா? வகையையே மாற்ற வேண்டும்: உஸ்டெகினுமாப், ரிசாங்கிசுமாப், வெடோலிசுமாப், உபாடாசிடினிப்.

வெடோலிசுமாப் மெதுவாகத்தான் பிடிக்கும். 14 வாரம்கூட ஆகலாம், அதுவரை தாக்குப்பிடிக்க ஸ்டீராய்டு தேவைப்படலாம். உபாடாசிடினிப் மாத்திரைதானே என்று லேசாக நினைக்காதீர்கள், அதுவும் நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். காசநோய், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளை முன்பே முடித்துவிடுங்கள். அக்கித் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். பழைய மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்: நீண்ட இடைவெளிக்குப் பின் இன்ஃப்ளிக்சிமாப்பை மறுபடி ஏற்றினால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுதல்.